புதிய டீசல் பிக்கப்பும் பழகிய கையும்



2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கைக்கு வாகனங்களை இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. 2025 ஆம் ஆண்டில் அந்தக் கதவு மீண்டும் திறக்கப்படும் வரை, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள், நாட்டிலிருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. இருபது வருடப் பழைமையான பிக்கப்பை ஒட்டியும் கட்டியும் ஓட்டிவந்த கமக்காரர், மீன் வியாபாரி, கட்டடப் பொருள் விற்போர் ஆகியோரிற் சிலர், காணியை ஈடுவைத்தோ தவணைக் கடன் பெற்றோ, புத்தம்புதிய டீசல் பிக்கப் ஒன்றை வீட்டு முற்றத்திற் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றனர். மாலை சூட்டியாயிற்று. நான்கு ரயர்களின் கீழும் தேசிக்காய் வைத்து நசித்தாயிற்று. பிள்ளையார் கோயில் வாசலில் சிதறுதேங்காயும் அடித்தாயிற்று.

படிப்பு அதன் பின்னரே தொடங்குகின்றது. அந்தப் படிப்பிற் பெரிய இடர் யாதெனில், மாணவர் ஏற்கெனவே படித்தவராக இருப்பதுதான். பழைய வண்டியில் இருபது வருடம் பழகிய கை, அதே பழக்கத்தைப் புதிய வண்டிக்கும் கொண்டுவருகின்றது. பழையது பொறுத்துக்கொண்ட பலவற்றைப் புதியது பொறுத்துக்கொள்வதில்லை.

இதனை விளங்கிக்கொள்ள, டீசல் எஞ்சினின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். பெற்றோல் எஞ்சினிற் காற்றும் பெற்றோலும் கலந்த கலவையை ஒரு மின்பொறி தீமூட்டுகின்றது. டீசல் எஞ்சினில் அந்தப் பொறி கிடையாது. அது காற்றை மட்டும் உள்ளிழுத்து, அதன் கனவளவிற் பதினாறில் ஒரு பங்களவிற்கு நெரிக்கின்றது. அப்படி நெரிபட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறுகின்றது. அந்தச் சூட்டினுள் டீசலை நுண்துளிகளாக விசிறினால் அது தானே பற்றிக்கொள்கின்றது. இந்த எஞ்சினை ஆக்கிய ஜெர்மானியப் பொறியியலாளர் றூடோல்ப் டீசல் 1897 இல் அவுக்ஸ்பேர்க் நகரில் அதனை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை எஞ்சினொன்று நிலக்கடலை எண்ணெயிலேயே ஓடியது. பாவம், அம்மனிதர் 1913 இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் இரவு படுக்கச் சென்றவர், காலையிற் காணாமற் போனார். அவருடைய பெயர் மட்டும் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றது.

நிலக்கடலை எண்ணெயையும் ஏற்றுக்கொண்ட அந்த முதல் எஞ்சினுக்கும், 2025 இல் வாங்கிய பிக்கப்பின் எஞ்சினுக்கும் கொள்கை ஒன்றுதான். குணமோ வேறு. கொமன் ரெயில் எனப்படும் இக்கால அமைப்பில், டீசல் 1600 முதல் 2000 பார் வரையான அழுத்தத்தில் இஞ்செக்ரருக்குச் செல்கின்றது. ரயரினுள் இருக்கும் அழுத்தத்தைப் போல் இது பல நூறு மடங்கு. டீசலை விசிறும் துளைகளோ தலைமயிரின் பருமனைச் சற்றே மிஞ்சியவை. இத்தகைய கருவியிற் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளும், ஒரு சொட்டுத் தண்ணீரும் செய்யும் சேதம் பெரிது.

வடபகுதி மக்களுக்கு எரிபொருளைப் பற்றித் தனியான ஒரு பட்டறிவு உண்டு. 1990 களிற் பெற்றோலும் டீசலும் குடாநாட்டிற்குத் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையைச் சிறுவரும் அறிந்திருந்தனர். அந்த வித்தை ஒரு தலைமுறையைக் காப்பாற்றியது. அதனை இகழ்வார் எவருமில்லை. ஆயினும், அதே நினைவு புதிய பிக்கப்பின் தாங்கியருகே வந்து நிற்கும்போது கேடு விளைகின்றது. 2022 ஜூன் மாதத்தில் டீசல் லீற்றர் 460 ரூபாவாக ஏறியது. அவ்வேளையில் மண்ணெண்ணெய் 87 ரூபா. அவ்வருடம் ஆகஸ்ட் மாதத்தில்தான் அது 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இரண்டையும் கலந்தவர் பலர். பழைய எஞ்சின்கள் அதனைக் குடித்துவிட்டுப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடின. கொமன் ரெயில் எஞ்சினின் நிலைமை அப்படியன்று. அதன் உயரழுத்தப் பம்புக்கு வேறு எண்ணெய் கிடையாது. தன்னூடாகச் செல்லும் டீசலின் வழுவழுப்பினாலேயே அது தேயாமல் இயங்குகின்றது. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. பம்பு தேய்ந்து, அதன் இரும்புத் துகள்கள் இஞ்செக்ரர் வரை சென்றுவிட்டால், பம்பு, குழாய், இஞ்செக்ரர் யாவற்றையும் மாற்ற நேரும். லீற்றருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடித்தவர் பல மாதத் தவணைப் பணத்தை ஒரே நாளிற் கராஜிற் கொடுத்துவிட்டு வருவார்.

2022 இன் வரிசைகள் கற்பித்த இன்னொரு பழக்கம், டீசலைக் கலன்களில் வீட்டிற் சேமித்து வைத்தல். கொல்லைப்புறத்தில் மாதக் கணக்கிற் கிடக்கும் பீப்பாயில் ஈரமும் துருவும் சேர்கின்றன. தண்ணீர் டீசலிலும் பாரமானது, அடியிற் படியும். பீப்பாயின் அடிமட்டத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றுபவர், தண்ணீரைத்தான் தாங்கிக்குள் ஊற்றுகின்றார். புதிய வண்டிகளின் டீசல் வடிகட்டியின் அடியிற் தண்ணீர் தேங்குவதற்கு ஓர் இடமுண்டு. அது நிறைந்தால் ஓட்டுபவரின் முன்னுள்ள பலகையில் ஒரு விளக்கு எரியும். அந்த விளக்கைக் கண்டால் வண்டியை நிறுத்தி, அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. சந்தை முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று அந்த விளக்கோடு ஓடுவோரே பின்னர் எஞ்சினைக் குறை கூறுபவர்கள்.

தாங்கி வெறுமையாகும்வரை ஓடுவதும் டீசல் வண்டிக்கு ஆகாது. பெற்றோல் தீர்ந்தால் ஊற்றிவிட்டுப் புறப்படலாம். டீசல் தீர்ந்தால், குழாய்களினுட் காற்றுப் புகுந்துவிடும். அந்தக் காற்றை வெளியேற்றும்வரை எஞ்சின் இயங்காது. வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை அழுத்தி அழுத்தி, முறிகண்டிக்கும் மாங்குளத்திற்கும் இடையில் நள்ளிரவில் நின்ற ஒருவர் அதன்பின் காற்பங்குக்குக் கீழே முள் இறங்க விடமாட்டார். எரிபொருள் நிலையத்தில் அவசரத்தினாற் பெற்றோலை ஊற்றிவிட்டாலோ, திறப்பைத் தொடவே கூடாது. திறப்பைத் திருப்பினாலே பம்பு பெற்றோலை இழுக்கத் தொடங்கிவிடும். வண்டியைத் தள்ளி ஓரத்தில் விட்டு, தாங்கியை முற்றாக வடிப்பதே வழி.

மற்றைய ஒழுக்கங்கள் சிறியவை. முதல் 1000 கிலோமீற்றர் வரை முழுப்பாரம் ஏற்றாமலும், ஒரே வேகத்திற் மணிக்கணக்காக ஓடாமலும் இருத்தல் நன்று. நீண்ட ஏற்றம் ஏறியவுடன், அல்லது விரைந்து ஓடி வந்தவுடன், எஞ்சினைப் பட்டென்று நிறுத்தாமல் ஒரு நிமிடம் மெல்ல இயங்க விடுதல் வேண்டும். டேர்போ எனும் காற்றாடி நிமிடத்திற்கு ஓரிலட்சம் தடவைக்கு மேற் சுழல்வது. சூட்டோடு எண்ணெயோட்டம் நின்றால் அதன் தாங்குருளைகள் கருகும். எஞ்சின் ஒயிலை மாற்றி இரண்டு நாளிலேயே அது கன்னங்கறுப்பாகிவிட்டதே என்று கலங்குபவர் உண்டு. டீசல் எரிவதில் உண்டாகும் கரியை ஒயில் கழுவி எடுப்பதன் அடையாளமே அக்கறுப்பு. பார்க்க வேண்டியது அதன் மட்டத்தை. அதுவும் சமதரையில் நிறுத்தி. சில வண்டிகளிற் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடி ஒன்று புகைக்குழாயில் உண்டு. வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். வாரத்தில் ஒருமுறையேனும் நீண்ட வீதியில் விட்டு ஓட்டினால்தான் அதிலுள்ள கரி எரிந்து தீரும்.

இனிப் பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிக்கப் வாங்கியவர் ஒரு வண்டியை வாங்கியதாக எண்ணுகின்றார். உண்மையில் அவருக்குக் கிடைத்திருப்பவை இரண்டு: பாரத்தோடு செல்லும் வண்டி ஒன்று, வெறுமையாகத் திரும்பும் வண்டி இன்னொன்று. இரண்டும் இரு வேறு குணமுள்ளவை. பாரம் ஏற்றிய வண்டியைப் பற்றி எல்லோரும் அஞ்சுகின்றனர். அஞ்சத்தான் வேண்டும். கைநூலில் 1000 கிலோகிராம் என்றிருந்தால், 50 கிலோ மூட்டைகள் இருபதோடு கணக்கு முடிந்தது. ஓட்டுபவரின் நிறையும் கூடச் செல்பவரின் நிறையும் பெரும்பாலும் அதனுள்ளேயே அடங்கும். ஆயினும் சுன்னாகத்திலோ கொடிகாமத்திலோ மூட்டை ஏற்றுபவர், "இன்னும் ஐந்து போடலாம், வில்லு தாங்கும்" என்றே சொல்லுவார். வில்லு தாங்கும், பிறேக்கும் ரயரும் தாங்கவேண்டுமே! மூட்டைகளைப் பின்கதவோரம் அடுக்கினால் முன்பக்கம் இலேசாகி, சுக்கான் பிடியில் நிற்காது. பாரத்தின் பெரும்பகுதி பின்னச்சுக்கு முன்னே இருக்குமாறு அடுக்குதல் முறை. பாரத்தினாற் பின்பக்கம் தாழும்போது முன்விளக்கின் ஒளி வானத்தை நோக்கி எழுந்து, எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணைப் பறிக்கும். இதற்கென்றே சுக்கானருகில் இலக்கங்களிட்ட ஒரு சிறு சில்லு இருக்கின்றது. வண்டியை விற்கும் நாள்வரை அதனைத் தொடாதவரே பெரும்பான்மையினர்.

வெறும் வண்டிக்கு எவரும் அஞ்சுவதில்லை. அங்கேதான் ஏமாற்றம். ஒரு தொன் பாரத்தைத் தாங்க அமைந்த வில்லுக்கு, பாரமில்லாதபோது வேலை இல்லை. பின்பக்கம் பள்ளங்களிற் துள்ளுகின்றது. உந்துவிசையோ பின்சில்லுகளுக்கே செல்கின்றது. டீசல் எஞ்சினின் இழுவை குறைந்த சுழற்சியிலேயே முழுமையாக எழுவது வேறு. மரக்கறியை இறக்கிவிட்டு, பணத்தை மடியிற் கட்டிக்கொண்டு, வீடு திரும்பும் மகிழ்ச்சியில் வருபவர், நீண்ட கோடைக்குப் பின் பெய்த முதல் மழையில், வளைவிற் சற்றே அழுத்தி மிதித்தாற் போதும். வண்டியின் பின்புறம் முன்புறத்தை முந்திக்கொள்ள முயலும். ஆகவே வெறுமையாகத் திரும்பும் வழியிலேதான் மென்மையான கால் வேண்டும். ரயர்க் காற்றும் அப்படியே. பாரத்திற்கென ஏற்றிய காற்றோடு வெறுமையாக ஓடினால் ரயரின் நடுப்பகுதி மட்டுமே நிலத்தைத் தொடும். இரு நிலைக்கும் உரிய அளவுகள் சாரதியின் கதவருகே ஒட்டப்பட்டிருக்கின்றன. வாசிப்பதற்குக் கட்டணமில்லை.

யாழ்ப்பாணத்துச் சாரதிக்கு ஏற்றம் என்பது பாலத்தின் ஏற்றமே. அவர் வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு 1999 இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் வரை செல்வது எளிது. ஆனால், கூடிய இலாபத்தை நாடி நுவரெலியா சென்று, கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றை நேரே ஏற்றிவரத் துணிபவர் புதிய பாடமொன்றைக் கற்றாக வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேலே இருக்கின்றது. ஏறும்போது எஞ்சின் உழைக்கும். இறங்கும்போது உழைப்பது பிறேக். இறம்பொடை வளைவுகளில் முழுப்பாரத்தோடு பிறேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அது சூடேறி, கருகிய மணம் எழுந்து, பின் மிதித்தும் பிடிக்காத நிலை வரும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, அதே கியரில் இறங்குக என்பது மலைநாட்டுச் சாரதிகளின் வழக்கு. பெற்றோல் எஞ்சினிற் காலை எடுத்தாற் காற்று வழி மூடிக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் எஞ்சினில் அந்தப் பிடி குறைவு. எனவே இறக்கம் தொடங்குமுன்னரே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி வழியிற் குறைக்க முனைந்து, கியர் விழாமல், கிளச்சை மிதித்தபடி உருளும் வண்டியை எவராலும் தடுக்க முடியாது.

இத்தனை தூரம் சென்று பாதுகாப்பாகத் திரும்பிய வண்டி, வீட்டு ஒழுங்கையில் விபத்தைச் செய்யக்கூடும். உயர்ந்த பின்கதவுக்குப் பின்னால் இருக்கும் சில முழ நிலம் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நான்கு வயதுப் பிள்ளை ஒன்று விளையாடினால் கண்ணாடிகள் எதிலும் அது தென்படாது. அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டவுடன் படலையைத் திறந்துகொண்டு ஓடிவருவதும் அந்தப் பிள்ளையேதான். பின்னோக்கிப் பார்க்கும் கமெரா சில வண்டிகளில் உண்டு. தோட்டத்துச் செம்மண் அதன் கண்ணை இரண்டு நாளில் மூடிவிடும். சில வீடுகளில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியுள்ளனர்: வண்டி பின்னே நகருமுன், வீட்டிலுள்ள பிள்ளைகள் யாவரும் திண்ணையில் வந்து நிற்கவேண்டும், தலைகளை எண்ணிய பின்பே சில்லு சுழலும். கைநூலில் இல்லாத விதி இது. கைநூலிலுள்ள எந்த விதியிலும் இது மேலானது.

ஊரிற் பிக்கப் வைத்திருப்பவர் கற்கும் பாடங்களிற் கடினமானது எஞ்சினோடு தொடர்பற்றது. வண்டி முற்றத்தில் நின்றால் அது ஊருக்குப் பொது. கலியாண வீட்டுக்குக் கதிரை ஏற்ற வேண்டும். கோயிலுக்கு வாழைமரம் கொண்டுவர வேண்டும். செத்த வீட்டுக்குக் கொட்டகைச் சாமான் போக வேண்டும். மறுப்பது ஊர் வழக்கன்று, மறுக்கவும் வேண்டாம். இரவில் நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லும் வண்டி ஊருக்கு எத்துணை பெரிய துணை! ஆனால், வண்டியைக் கொடுப்பது ஒன்று. திறப்பைக் கொடுப்பது இன்னொன்று. வெறும் வண்டியின் குணத்தை அறியாத இளைஞரின் கையிற் திறப்பைக் கொடுப்பதிலும், தானே ஓட்டிச்சென்று உதவிவிட்டு வருவது உரியவருக்கும் நல்லது, இளைஞரின் தாய்க்கும் நல்லது. சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த வண்டியிற் கூலிக்குப் பாரம் ஏற்றி விபத்து நேர்ந்தால், நட்டஈடு மறுக்கப்பட இடமுண்டு என்பதையும் காப்புறுதிப் பத்திரத்தில் வாசித்து வைத்திருப்பது நன்று.

பின்தட்டில் ஆட்களை ஏற்றும் வழக்கத்தை மட்டும் எந்த ஊர் வழக்கினாலும் நியாயப்படுத்த இயலாது. அறுவடைக்கும் வெங்காயக் கிண்டலுக்கும் செல்லும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கையிற் பிடிக்க ஒன்றுமின்றி நின்றுகொண்டு செல்வதை இன்றும் காணலாம். மூட்டை அசையாது கிடக்கும். மனிதர் வளைவுதோறும் ஒருபக்கம் சாய்வர். நின்ற நிலையிலுள்ள பன்னிருவர் ஒரே பக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும். பிறேக்கைப் பலமாக மிதித்தால் வண்டி நிற்கும், அவர்கள் நிற்கமாட்டார்கள். நாட்கூலிக்கு வந்தவர்களை ஒரு பேருந்துக் காசு மிச்சத்திற்காக அப்படி ஏற்றுவது சிக்கனம் ஆகாது.

கணக்கு எழுதுவதைப் பற்றி ஒரு சொல். தாங்கியை நிறைத்து, கிலோமீற்றரைக் குறித்து, அடுத்த முறை நிறைக்கும்போது ஊற்றிய லீற்றரால் ஓடிய தூரத்தை வகுத்தால் உண்மை தெரியும். 540 கிலோமீற்றருக்கு 60 லீற்றர் என்றால், லீற்றருக்கு 9. அடுத்த மாதம் அது 7 ஆக இறங்கினால், ரயர்க் காற்றோ, அடைபட்ட காற்றுவடியோ, ஓட்டுபவரின் காலோ மாறியிருக்கின்றது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் இந்தக் கொப்பியை ஒப்படைத்தால் வகுத்தலும் பழகும்.

கார்த்திகை மார்கழியில் வன்னிப் பக்கம் செல்பவருக்கு எஞ்சியிருக்கும் இடர் வெள்ளம். டீசல் எஞ்சினுக்கு மின்பொறி தேவையில்லை, ஆகவே எந்தத் தண்ணீரையும் கடக்கும் என்றொரு நம்பிக்கை சாரதிகளிடையே உண்டு. முதற்பாதி சரி, மறுபாதி தவறு. எஞ்சின் காற்றை இழுக்கும் வாயில் தண்ணீரை இழுத்துவிட்டால், பதினாறில் ஒரு பங்காக நெரிக்க முயலும் அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் நெரிபடாது. நெரிபடுவது இரும்புத்தான், உள்ளேயிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். தாம்போதியின் மேல் வெள்ளம் பாயும்போது, அதன் ஆழத்தைக் கரையில் நின்று கண்ணால் அளக்க முடியாது. நீரோட்டம் அடியிலுள்ள மண்ணை அரித்திருப்பதும் தெரியாது. வெள்ளம் வடியும்வரை இக்கரையில் நிற்பதே முறை. நடுவிலே எஞ்சின் நின்றுபோனால் மீண்டும் திறப்பைத் திருப்பாமல், வண்டியைக் கயிறு கட்டி வெளியே இழுக்க வேண்டும். சில்லுகளின் நடுமட்டம்வரை நீரில் நின்ற வண்டியானால், எஞ்சின் ஒயிலோடு கியர்ப்பெட்டியின் ஒயிலையும் பின்னச்சின் ஒயிலையும் திறந்து பார்க்க வேண்டும். அது பால்விட்ட தேநீரின் நிறத்தில் வருமாயிற் தண்ணீர் புகுந்துவிட்டது. அதனை முற்றாக வடித்துப் புதிய ஒயிலை ஊற்றிய பின்னரே மறுநாட் சந்தைக்கு மூட்டை ஏற்றலாம்.